பதினோராம் நம்பர் மலையில் முப்பத்தொரு வீடுகள்

மெஷின் வந்த புதிதில் எனக்கும் அதற்கும் நல்ல ஒட்டு. எங்கள் கூரியர் கம்பெனியின் ஹட்டன் கிளையில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பார்க்கத் தடித்த கைத்தொலைபேசி மாதிரி இருக்கும். பார்சலில் இருக்கும் கோடுகளைக் காட்டினால் போதும், யாருடையது, எங்கே போக வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் போனால் அலைச்சல் குறையும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதற்கு முன்பு தினமும் காலையில் தரையில் உட்கார்ந்து பார்சல்களைப் பிரித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். மழையில் கொப்பி நனைந்தால் அன்றைய பிழைப்பு நாறிவிடும். மெஷின் வந்த பிறகு டவுன் வேலை பதினொரு மணிக்குள் முடிந்தது. ஸ்கூட்டரை ஓரம்கட்டி ஒரு பிளேன்டீ குடிக்க நேரம் கிடைத்தது. அந்தப் பிளேன்டீக்காகவே அதைக் கும்பிடலாம் என்று நினைத்தேன்.

தகராறு தோட்டத்தில்தான் தொடங்கியது. மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறைக் காம்பிராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே விலாசம்தான்: தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, மஸ்கெலியா. தெருவும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. ஆனால் பார்சலுக்குக் குறைவில்லை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் அம்மாவுக்குச் செருப்பு, ஸ்வெட்டர், பிளாஸ்க் என்று போனிலேயே ஆர்டர் போட்டு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. ஒருவருக்கு முதல்முறை பார்சல் கொடுக்கும்போது நாம் எங்கே நிற்கிறோமோ, அதையே அவருடைய வீடு என்று பதிந்துகொள்ளும். அடுத்த முறை அதே இடத்தில் நின்றால்தான் ‘ஒப்படைத்தாயிற்று’ என்ற பட்டன் வேலை செய்யும். கையெழுத்தையும் வாங்குபவரே அதன் முகத்தில் விரலால் போட வேண்டும். பக்கத்துக் காம்பிராவில் கொடுத்துவிட்டு வரும் பழைய பழக்கம் இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

பகலில் லயத்துக்குப் போனால் பூட்டிய கதவுகளோடுதான் பேச வேண்டும். எல்லோரும் மலையில் இருப்பார்கள். தேயிலை நட்ட இடத்தைத்தான் நாங்கள் மலை என்போம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அது தீபாவளி நெருங்கிய நேரம். என்னிடம் முப்பத்தொரு பார்சல் சேர்ந்திருந்தது. நான் மூளையைப் பாவித்தேன். மத்தியானம் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது பெண்கள் எல்லோரும் தராசைச் சுற்றித்தானே கூடுவார்கள்? அன்று வேலை ஆட்கள் பதினோராம் நம்பர் மலையில். நேரே அங்கே போய், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அரை மணி நேரத்தில் முப்பத்தொன்றும் தீர்ந்தது. கண்டி ஆபீசிலிருந்து பாராட்டு வந்தது. இரண்டு நாட்களுக்குத் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அடுத்த வாரம் அதே ஆட்களில் ஆறு பேருக்குப் பார்சல். பெண்கள் நாலாம் நம்பர் மலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே போய் மெஷினை நீட்டினால், ‘வாடிக்கையாளரின் வீட்டிலிருந்து நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள்’ என்றது. வாடிக்கையாளரோ என் எதிரில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கே உறைத்தது. முப்பத்தொரு குடும்பத்தையும் பதினோராம் நம்பர் மலையில் குடியேற்றிவிட்டேன்.

ஆபீசுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாங்கிய பாராட்டு போய்விடுமே என்று சொல்லவில்லை. பார்சலைக் கொடுத்துக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பதினோராம் நம்பர் மலைக்குத் திரும்பி ஏறி, ஈ காக்கை இல்லாத இடத்தில் தன்னந்தனியாக நின்று பட்டனை அமுக்கினேன். இப்படியே ஒரு மாதத்துக்கும் மேல் ஓட்டினேன்.

பிறகு கண்டியிலிருந்து சூப்பர்வைசர் புறப்பட்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. என் பார்சல்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன, வரைபடத்தில் அங்கே வீடே இல்லை, பார்சல் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்றார். பச்சையாகச் சொன்னால், பார்சல்களை நான் அடித்துக்கொள்கிறேன் என்று சந்தேகம். இந்த வேலைக்கு முன்னால் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாகக் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். இது போனால் மறுபடியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

பதினோராம் நம்பர் மலைக்கு அவரைக் கூட்டிப் போனேன். பனி மூடியிருந்தது.

“இங்க யாரு இருக்கிற?” என்றார்.

“இன்னைக்கு யாரும் இல்லங்க சார்.”

“அப்ப வீடு?”

“வீடும் இல்லங்க சார்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “நான் திருடியிருந்தா இம்புட்டுத் தூரம் ஏறி வந்து பட்டன அமுக்குவேனா? வீட்டுல கால நீட்டிக்கிட்டு அமுக்கியிருக்க மாட்டேனா?” என்று கத்தினேன்.

“வீட்டில இருந்து அமுக்க ஏலாது. மெஷின் விடாது” என்றார் நிதானமாக. அது உண்மைதான்.

அன்று ஆள் ஏழாம் நம்பர் மலையில். ஒற்றையடிப் பாதையில் அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போவதற்குள் சப்பாத்துக்குள் இரண்டு அட்டை புகுந்துவிட்டன. மனதுக்குள் அட்டைகளுக்கு நன்றி சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிறுவை நடந்துகொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“யாரு சார் சொன்னது பார்சல் வரலன்னு? இந்தா, இது யாரு கொடுத்ததாம்?” என்று ஒருத்தி செருப்புக் காலைத் தூக்கிக் காட்டினாள். இன்னொருத்தி ஸ்வெட்டரை அவர் முகத்துக்கு நேராக இழுத்துப் பிடித்தாள். கங்காணிகூடத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். அதுவும் என் கையால் கொடுத்ததுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சூப்பர்வைசர் என் மெஷினை வாங்கி, பக்கத்தில் நின்ற ஓர் அக்காவிடம், “ஒங்கட வீட்டு நம்பர் என்னம்மா?” என்று கேட்டார்.

“வீட்டுக்கு ஏதுங்க சார் நம்பரு? மலைக்குத்தான் நம்பரு. இது ஏழு, ஓடைக்கு அந்தாண்ட எட்டு, கோயிலுக்கு மேல ஒம்பது…” என்று அவர் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். சூப்பர்வைசர் இடைமறிக்கவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். இனிமேல் வேலை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வந்த பிறகு பார்சல் கொடுக்கலாம், ஆனால் முப்பத்தொரு பேரின் இடத்தையும் திருத்த வேண்டும், அதற்கு மெஷினைக் கண்டியிலிருந்து திறந்துவிடுகிறேன் என்றார். “திங்கக்கிழம காலையில மேப்புல ஒவ்வொரு வீடும் அதது இடத்தில இருக்கோணும். இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது.”

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. அவர்கள் கணக்கு வேறாக இருந்தது. வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். பாதிப் பேர் கோயிலுக்குக் கட்டும் சேலையில் நின்றார்கள். ஒரு வீட்டில் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்து, அது காயாமல் என் ஜாக்கெட்டில் ஒட்டியது. படம் பிடிக்கப் போவதில்லை, ஒரு புள்ளிதான் வைக்கப் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே மெஷின் இடத்தைப் பிடிக்காது, வெளியேதான் நிற்க வேண்டும். குடை கொண்டுவந்தார்கள், மெஷினுக்குப் பிடித்தார்கள். நான் நனைந்தேன்.

கடைசிக் காம்பிரா, மலைகளை எண்ணிச் சொன்ன அந்த அக்காவுடையது. புள்ளி விழுந்ததும் மெஷினை அவரிடம் காட்டினேன். லயத்தின் நீளமான கூரை, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் அவர் பெயர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என் வீடா?”

“ஒங்க வீடுதான்க்கா.”

“தோட்டத்து ஆபீசுல இத அழிச்சிருவாங்களா பாப்பா?”

“அழிக்க முடியாதுக்கா” என்றேன். முடியுமா முடியாதா என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்ல மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் கண்டியிலிருந்து போன் வந்தது.

“முப்பத்தொண்டுதானே சொன்ன?” என்றார் சூப்பர்வைசர். “இங்க முப்பத்திரண்டு வீடு இருக்கு. ஒண்டு மட்டும் மேல்பிரிவில, தனியா. அது யாரு?”

“அது என் வீடுங்க சார், நேத்து நானே புள்ளி வச்சேன்” என்றேன். “நானும் லயத்துலதான் இருக்கேன். எனக்கும் நம்பரு இல்ல.”

“சரி, அது இருக்கட்டும்” என்றார். “நீங்க வேலைக்குப் போங்க.”