பூதம் வராத இரண்டாம் பாகம்

நாலு மணி பத்து நிமிடம். அந்த நேரத்தில்தான் எங்கள் சனசமூக நிலையத்துச் செயலாளர், மண்டபத்துப் பூட்டின் திறப்பை மடியில் முடிந்தபடி, நயினாதீவுத் துறையில் நின்ற கடைசி லோஞ்சில் ஏறினார். எங்கும் போவதற்காக அல்ல. படம் ஓட்ட வந்தவரை விட்டுவிட்டுப் போய்விடாதேயும் என்று லோஞ்ச்காரரிடம் சொல்வதற்காக. காற்று திரும்புகிறது, இனி நிற்க ஏலாது என்று லோஞ்ச்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். வாக்குவாதம் முடிந்து செயலாளர் நிமிர்ந்து பார்த்தபோது துறை தூரத்தில் இருந்ததாம். நேரத்தையும் அவர்தான் பின்னர் சொன்னார். அவர் பூட்டிவிட்டுப் போன மண்டபத்துக்குள் இருந்த எங்களுக்கு அப்போது எதுவும் தெரியாது.

அன்று ஓடிய படத்தைப் பற்றி ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. முதற் பாகத்தில் கடலுக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுந்து துறைமுகத்தை நொறுக்கும். பட்டணத்தில் அது நன்றாக ஓடியது. இரண்டாம் பாகம் வந்தவுடன் பத்திரிகையில் ஒருவர் கிழித்து எழுதினார். பூதம் கடைசியில்தான் வருகிறது, அதுவரை கடலுக்கடியில் ஓர் இரும்பு அறைக்குள் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து கதவைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பிறகு மறுபடியும் கதவைப் பார்க்கிறார்கள் என்று. பட்டணத்துத் தியேட்டரில் அது நிலைக்கவில்லை. அதனால்தான் எங்கள் தீவுக்கு வந்தது.

நான் மகளைக் கூட்டிப் போனதும் அந்தக் கட்டுரையை நம்பித்தான். அவளுக்கு அப்போது ஏழு வயது. தொய்வு வருத்தம். பயந்தாலும் மூச்சு இழுக்கும், ஓடினாலும் இழுக்கும். அவளுடைய அப்பா தென்பகுதியில் கடையோடு இருந்தார். மாரிக்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டினால் கடலைத் தாண்டி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போவது என்பதை யோசித்தே என் பாதி வயது போயிற்று. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில், அவளுடைய வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் படத்துக்குப் போகிறார்கள் என்று அவள் அழுதாள். பூதம் வராத பூதப் படத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

படம் ஓட்டுபவர் கடைசி லோஞ்சில் திரும்ப வேண்டும். அதனால் எங்கள் தீவில் படம் என்றால் பகலில்தான். பகலை மறைக்க வேண்டும். வெளியே திறக்கும் கம்பி யன்னல்களைச் சாத்தி, அவற்றின்மேல் மழைக்கு மூடும் தறப்பாளை இழுத்து வெளிப்பக்கமாக ஆணி அடித்திருந்தார்கள். சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட துவாரங்களில் சாக்கைத் திணித்திருந்தார்கள். கதவுக்கு வெளியே ஆமைப்பூட்டு. முன்பு ஒருமுறை உள்ளே இருந்தவர்கள் தங்கள் கூட்டாளிகளுக்குக் கொண்டியைத் திறந்துவிட்டு, காசு கொடுத்து ரிக்கெற் வாங்காமல் பாதி ஊர் உள்ளே வந்துவிட்டதாம். இம்முறை அந்தக் கதை நடக்காது என்று செயலாளர் பெருமையோடு சொல்லிவிட்டுத்தான் பூட்டினார். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. நான்கூடக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். அவரும் அந்தக் கட்டுரையைப் படித்தவர். திரையில் ஆட்கள் கதவைப் பார்க்கும்போதெல்லாம் என் பக்கம் சரிவார்.

"ரீச்சர், பூதத்தைக் காணேல்லை. பூதத்துக்குப் பயந்த சனத்தைத்தான் காணுறம். அதை எங்கடை வீட்டிலையே பாக்கலாம்."

முன்வரிசை சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா, அவையளுக்குக் கதவு திறக்கேலாதோ?"

ஏலாது, வெளியே தண்ணீர் என்றேன்.

சுருள் மாற்றும் இடைவேளையில் படம் ஓட்டுபவர் சுருட்டுப் பற்றவைக்க வெளியே போகப் பார்த்தார். கதவைத் தட்டினார். பிறகு இன்னும் இருவர் தட்டினார்கள். செயலாளரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளியே எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. கதவருகே வைத்திருந்த அந்த எஞ்சினிலிருந்துதான் படத்துக்கு மின்சாரம். எங்கேயாவது தேநீர் குடிக்கப் போயிருப்பார், வருவார் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சுருளை மாட்டினார். படம் தொடர்ந்தது.

காற்று திரும்பியது அதன் பிறகுதான். எஞ்சின் புகை கதவின் கீழ்ச் சந்தால் உள்ளே வரத் தொடங்கியது. முதலில் பின்வரிசை இருமியது. பிறகு மகள். எஞ்சின் சத்தத்தில் அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கவில்லை. முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விலா எலும்புகள் ஏறி இறங்கின. இழுப்புக்குக் கொடுக்கும் குளிசை வீட்டில், இரண்டு ஒழுங்கை தள்ளி, அலுமாரிக்குள்.

பின்னால் இருந்தவர்கள் இப்போது கத்தினார்கள். அதற்கு வெளியேயிருந்து பதில் வந்தது. ரிக்கெற் கிடைக்காத பிள்ளைகள், பூதம் வந்துவிட்டது, பூதம் வந்துவிட்டது என்று கைதட்டிக் கூவினார்கள். நாங்கள் எவ்வளவு கத்தினோமோ அவ்வளவுக்கு அவர்களும் கத்தினார்கள். உட்காரப் போட்டிருந்த மரவாங்கு ஒன்றைத் தூக்கிக் கதவை இடித்தார்கள். அந்த இடிக்கும் வெளியே ஒரு ஆரவாரம். பாலைமரக் கதவு அசையவில்லை. திரையிலும் அதே நேரத்தில் ஒருவன் இரும்புக் கதவை இடித்துக்கொண்டிருந்தான். எது எங்கள் சத்தம், எது அவர்களுடைய சத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு புகைக்கு எதிர்ப்பக்கமாக, திரை கட்டியிருந்த சுவருக்குப் போனேன். அங்கே கிடந்த மேசைமேல் அவளை இருத்தி, நானும் ஏறி, துவாரத்துச் சாக்கைப் பிடித்து இழுத்தேன். வெளிச்சம் உள்ளே பாய்ந்து திரை வெளிறிப்போயிற்று. பின்னால் எழுந்த சத்தம் இன்னதென்று விளங்காமல் முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பினார்கள்.

"வெளிச்சம், வெளிச்சம்! ரீச்சர், உம்மடை பிள்ளைக்காக ஊரே படம் பாக்காமல் விடுறதோ?"

யாரென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். இரண்டாவது சாக்கையும் இழுத்தேன். படத்தில் பூதம் வந்த இடம் அதுதானாம். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். எங்கள் தீவில் இன்றுவரை அந்தப் படத்தில் பூதமே இல்லை. நான்தான் அதைக் கலைத்துவிட்டேன் என்று கடையில் வைத்துச் சொல்வார்கள்.

சில வருடங்கள் கழித்து, பட்டணத்தில் அந்தப் படத்தை மறுபடி போட்டபோது, பகற்காட்சிக்குத் தனியாகப் போனேன். கதவுக்குப் பக்கத்துக் கதிரையைக் கேட்டு வாங்கினேன். இப்போதும் எங்கே போனாலும் அப்படித்தான். பூதத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ரப்பர்த் தோலும் கண்ணாடிக் கண்ணுமாக அது பெரிதாக ஒன்றுமில்லை. அதில் பத்திரிகைக்காரர் சொன்னது சரி. ஆனால் அதற்கு முந்திய பகுதியை அவர் பிழையாகப் பார்த்துவிட்டார். பூட்டிய அறைக்குள் மனிதர்கள் கதவைப் பார்ப்பார்கள், பிறகு தங்களில் பலவீனமானவரைப் பார்ப்பார்கள், பிறகு வெட்கப்பட்டு மறுபடி கதவைப் பார்ப்பார்கள். படத்தில் ஒரு கிழவருக்கு மூச்சு வாங்கும். மற்றவர்கள் அவருடைய சத்தம் கேளாதது போல இருப்பார்கள். அந்த இடத்தில் தியேட்டரில் சிலர் கொட்டாவி விட்டார்கள். நான் எழும்பிப் பக்கத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். வேறெதுவும் நடக்கவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் குறை என்றால், வேறெதுவும் நடக்காமலிருப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டுரையை எழுதியவருக்குத் தெரியாது.

ஏனென்றால் எங்கள் மண்டபத்திலும் பிறகு அதுதான் நடந்தது. மழை பிடித்தது. வெளியே நின்ற பிள்ளைகள் வீடுகளுக்கு ஓடினார்கள். நனைந்த எஞ்சின் இரண்டு முறை திக்கி நின்றுவிட்டது. திரை அணைந்தது. நான் திறந்த இரண்டு துவாரங்களின் வெளிச்சம் மட்டும் மிச்சம். எஞ்சின் நின்ற அமைதியில் என் மகளின் மூச்சு மண்டபம் முழுவதற்கும் கேட்டது. சீழ்க்கை போல உள்ளே போய், அறுப்பது போல வெளியே வந்தது. முன்வரிசையில் என்னை ஏசியவர் தலையைக் குனிந்துகொண்டார். தபாலதிபர் மேசைக்குக் கிட்ட வந்து, தன் சால்வையால் அவள் முகத்துக்கு நேரே விசிறத் தொடங்கினார். அவருடைய கையும் களைத்தது. அவளுடைய உதடு நீலமாகிறதா என்று பார்க்க எனக்கு வெளிச்சம் போதவில்லை. துவாரத்தை எட்டும்படி அவளைத் தூக்கிப் பிடித்தேன். என் தோள் விட்டுப்போயிற்று. இறக்கினேன். மறுபடியும் தூக்கினேன்.

அப்போது பக்கச் சுவரில் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. தறப்பாள் சரசரவென்று சரிந்தது. யன்னற் கதவை யாரோ வெளியே இழுத்தார்கள். மழையும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வந்தன. கம்பிகளுக்கு அப்பால் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். என் கணவரைப் போலவே தெற்கே கடை வைத்திருந்து, அதை விற்றுவிட்டு வந்து, இரண்டு வளவு தள்ளி வீடு கட்டிக்கொண்டிருந்தவர். தறப்பாள் அவருடையது. தன் சீமெந்து மூட்டைகள் நனைகின்றன, எஞ்சின் நின்று எவ்வளவு நேரம், படம் முடிந்தும் தறப்பாளைக் கழற்றித் தர ஒரு மனிதர் இல்லையா என்று ஏசிக்கொண்டே எட்டிப் பார்த்தார். மேசைமேல் எங்களைக் கண்டார். கையிலிருந்த தறப்பாளைச் சேற்றில் போட்டார்.

"ரீச்சர், பிள்ளையை இஞ்சாலை கொண்டு வாங்கோ. கம்பியோடை முகத்தை வைக்கட்டும். இஞ்சை நல்ல காத்து."