விடுங்க மதினி

அந்த வண்டி முதன்முதலாக முன்பக்கம் தூக்கியபோது நான் எந்த வித்தையும் கற்றிருக்கவில்லை. தேங்காய் மூட்டைதான் தூக்கவைத்தது. நத்தம் ரோட்டுத் தோப்புக்காக அண்ணன் ஒரு நாலு சக்கர பைக் வாங்கியிருந்தான். மலையடிவாரத்தில் சுற்றுலா வருபவர்களை அதில் ஏற்றி மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டவிட்ட ஒருவர், தொழிலை மூடும்போது விற்ற வண்டி. தென்னை வரிசைக்குள் டிராக்டர் திரும்பாது, இது திரும்பும் என்று அண்ணனுக்குப் பெருமை. ஒரு சனிக்கிழமை பின் கேரியரில் மூன்று மூட்டையை ஏற்றிக் கட்டிவிட்டு, "களத்துல கொண்டு போய்ப் போடு, செத்த நேரத்துல வாரேன்" என்றான்.

இந்த வண்டியில் ஆக்ஸிலரேட்டரைத் திருக வேண்டியதில்லை. வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன விசை இருக்கும், அதைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். நான் ஒரே அமுக்காக அமுக்கினேன். முன் சக்கரங்கள் இரண்டும் என் முகத்துக்கு நேரே எழும்பின. ஓலை தெரிந்தது, வானம் தெரிந்தது, உடனே தொப்பென்று கீழே இறங்கியது. இறங்கி நின்று பார்த்தேன், மூட்டை அப்படியே இருந்தது, நானும் அப்படியே இருந்தேன். பயம் அடங்குவதற்குள், இன்னொரு தடவை தூக்குமா என்ற ஆசை வந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வயது முப்பத்தொன்பது. விசில் இல்லாமலே என் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போயும் விடும் என்று நானே சொல்லிக்கொள்வேன். போவதை மற்றவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

முன் சக்கரத்தைத் தூக்கியபடியே ஓட்டுகிற வீலியை எப்படி அடிப்பது என்று ஸ்டாஃப் ரூமில் போனைச் சத்தமில்லாமல் வைத்து வீடியோ பார்த்தேன். பார்த்ததைச் சனிக்கிழமை மதியங்களில், அண்ணன் டவுனுக்குப் போன நேரமாகப் பார்த்துத் தோப்பில் செய்தேன். முதல் கியரில் மெதுவாகப் போக வேண்டும். சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே விசையை வெடுக்கென்று அமுக்க வேண்டும். முன்பக்கம் எழும்பியதும் கட்டைவிரலைத் தளர்த்த வேண்டும். அளவுக்கு மீறித் தூக்கினால் வலது காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும், மூக்கு தானாகக் கீழே வந்துவிடும். கால் எப்போதும் பிரேக் மேலேயே இருக்க வேண்டும். இதை எழுதுவது சுலபம். முதல் வாரம் பக்கவாட்டில் விழுந்து முழங்கால் வீங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் மண்டியிட முடியாமல் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்துப் பெஞ்சுப் பெண்மணி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு மாதத்தில், ஒரு தென்னையிலிருந்து அடுத்த தென்னை வரை முன்பக்கத்தைத் தரையில் படாமல் கொண்டுபோனேன். எழுந்து நின்றபடி ஓட்டினேன். பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு ஒரே இடத்தில் வட்டம் போட்டேன். மோட்டார் ரூம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மதினி, அண்ணன் மனைவி, ஒருநாள் சேலையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

மதினிக்கு ஒட்டன்சத்திரம். காய்கறி லாரி வைத்திருந்த வீடு. நாத்தனாரான என்னை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், கிண்டல் பாதி, மரியாதை பாதி. ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். மூன்று சனிக்கிழமை பொறுமையாகச் செய்தாள். ஒரு சாண் உயரம் தூக்குவாள், இறக்கிவிடுவாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. "இம்புட்டுத்தானா மதினி? நல்லாத் தூக்குங்க" என்று அன்றைக்கு விரட்டினேன்.

அவள் தூக்கினாள். இதுவரை தூக்காத உயரம். சீட்டில் அவள் சாய்வதைப் பார்த்ததுமே எல்லை தாண்டப்போகிறது என்று தெரிந்தது. என் முழுக் குரலையும் எடுத்துக் கத்தினேன்.

"விடுங்க மதினி! விடுங்க! விடுங்க!"

எஞ்சின் அடங்கும் என்று நினைத்தேன். உறுமியது. முன் சக்கரங்கள் நேராக வானத்தைப் பார்த்து நின்றன, அப்படியே மல்லாந்து அவள் மேல் சாய்ந்தது வண்டி. நான் ஓடினேனா, நின்றேனா தெரியவில்லை. அடுத்து என் நினைவில் இருப்பது, வண்டி பக்கவாட்டில் கிடந்ததும், அதன் கைப்பிடி அவள் தோள் மேல் கிடந்ததும், ஹெல்மெட்டுக்குள் அவள் கண் திறந்திருந்ததும்தான். கண் சிமிட்டவில்லை. செத்துப்போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள், "கால் அசையுதுங்க டீச்சர்" என்றாள்.

மண் பொதுபொதுவென்று இருந்ததால் பிழைத்தாள். காறை எலும்பு முறிவு. தலைக்கு ஒன்றுமில்லை, முதுகுக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தான். என்ன நடந்தது என்று கேட்டான். "நான் விடுங்க விடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன்ணே. மதினி கேக்கவே இல்ல" என்றேன். நடந்ததைத்தான் சொன்னதாக நினைத்தேன். அவன் அவள் பக்கம் திரும்பினான். "வெவரம் தெரிஞ்சவ சொன்னா கேக்க மாட்டியா? கூறு கெட்டவளே" என்றான். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் நாலு நாள் அவன் அதையே சொல்லித் திட்டினான். நானும் விடவில்லை. வலக்கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் தலை சீவ முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் சீவிவிட்டேன். நாலாம் நாள், சிக்கெடுத்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தேன்.

"அம்புட்டுச் சத்தமாக் கத்துனேனே மதினி, காதுல விழுகவே இல்லையா?"

"விழுந்துச்சுங்க. அதான விட்டேன்."

"எங்க விட்டீங்க? அமுக்குனீங்க."

"அதைத்தானுங்க சொல்றேன். எங்க வீட்டு லாரி லோடு ஏத்தி முடிச்சதும் பின்னால தட்டி, விடு விடும்பாங்க. வண்டியக் கெளப்புன்னு அர்த்தம். நீங்களும் விடுங்கன்னீங்க."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. நான் கையை விடச் சொன்னேன். கையை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. வண்டியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து வெறுமனே விடு என்றால் போ என்றும் பொருள் வரும் என்பது எனக்குத் தெரியாதா? பஸ்ஸில் தினமும் கேட்கிற சொல்தான். அவள் அமுக்கியது என் குரலைக் கேட்டுத்தான். இதை வெளியே சொன்னால் என்னை ஏசுவார்கள் என்று நாலு நாளும் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அண்ணனை அங்கேயே கூப்பிட்டு, அவள் முன்னாலேயே சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான், பிறகு எழுந்து தோப்புக்குப் போனான்.

நான் மறுபடியும் சீப்பை எடுத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன், வேறு எதுவோ வந்தது.

"அம்புட்டு ஒசரம் தூக்குறப்ப பயமா இல்லையா மதினி?"

"பயமாத்தானுங்க இருந்துச்சு. வெரல எடுக்கத்தான் போனேன்" என்றாள். "அதுக்குள்ள நீங்க சொன்னீங்க. டீச்சர் பாத்துட்டுத்தான சொல்லுவாங்கன்னு அமுக்கிட்டேன்."