காரணம் இல்லாத நீலம்

மணிமொழிக்கு நீலம் பிடிக்கும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய தன் வீட்டுக்கு வெளிப்பக்கம் நீலம் அடிக்கப்போவதாக அவர் சொன்ன நாளிலிருந்து, கேட்டவர்கள் எல்லாரும் ஏன் என்றார்கள். பிடிக்கும் என்றார். அதை ஒரு பதிலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் ஊரில் நிறங்களுக்கெல்லாம் பட்டா கொடுத்து முடித்தாகிவிட்டது. காவி சாமியார்களுக்கு. பச்சை பள்ளிவாசலுக்கு. மஞ்சள் ஒரு கூட்டத்துக்கு, நீலம் இன்னொரு கூட்டத்துக்கு. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சிக்கு. வெள்ளை, இறந்துபோனவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கு மாலையோடு வரும் தலைவர்களுக்கும். மிச்சம் இருப்பது சந்தன நிறம். அதற்குச் சாதி இல்லை, கட்சி இல்லை, அழுக்கும் சீக்கிரம் தெரியாது. வாடகைக்கு விடும் வீடுகளுக்கெல்லாம் அதையே அடித்து வைத்திருக்கிறார்கள்.

மணிமொழியும் கணவர் மாறனும் பத்தொன்பது ஆண்டுகளில் ஆறு வாடகை வீடுகளில் இருந்தார்கள். ஆறும் சந்தன நிறம். ஆறிலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

மணிமொழி பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனியில். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கினார்கள். மகள் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தார். இப்போது நாற்பத்தாறு வயது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் பிரிவு உதவியாளர். காலை பத்து மணியிலிருந்து மனிதர்கள் அவர் மேசைக்கு முன்னால் நின்று தங்கள் சாதியை உரக்கச் சொல்வார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் சண்டைக்கு வருவார்கள். அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. மாலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தன் தெருவுக்குள் நுழைந்தால், அதே சாதி, மனிதர்களின் வாயை விட்டுக் கண்ணுக்குப் போய்விட்டிருக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது சாதியைக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். இந்தக் கேள்விக்கும் கிழக்கு மேற்குக்கும் தொடர்பில்லை. ஊரா, காலனியா என்பதுதான் கேள்வி. அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கும் மாறன் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏரிப் பக்கம் என்பார். எல்லா ஊரிலும் ஏரி இருக்கிறது. எல்லா ஏரிக்கும் இரண்டு கரை இருக்கிறது.

மூன்றாவது வீட்டில் மட்டும் அந்தப் பதில் போதவில்லை. ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரர், ஹாலில் அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். குழாயைச் சரி செய்து கொடுத்தார். அடுத்த வாரம் வந்து, மகனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, வீடு வேண்டும் என்றார். அந்த மகனுக்கு அப்போது பதினான்கு வயது.

அதிலிருந்து படம் பீரோவுக்குள் போனது. மூன்று வீடுகளாகப் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. வெளியூருக்குக் கட்டிக்கொண்டு போகும் புடவையை எடுக்கும்போது மணிமொழி அதைத் துடைத்து, திரும்ப அங்கேயே வைப்பார்.

பிறகு மனை வாங்கி, கடன் போட்டு, எட்டு மாதத்தில் வீடு கட்டினார்கள். தெரு மரியாதையாகத்தான் இருந்தது. எதிர் வீட்டு சுரேஷ்குமார், ஓய்வு பெற்ற விரிவுரையாளர், தெரு நலச் சங்கத்தின் செயலாளர், தன் போர்வெல்லிலிருந்து கட்டட வேலைக்குத் தண்ணீர் கொடுத்தார். கான்கிரீட் போட்ட அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஸ்திரிக்கு யோசனையும் சொன்னார்.

பெயின்டர் காசி ஷேடு கார்டோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து வருடமாக வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறார். தேர்தல் வந்தால் சுவர் விளம்பரம் எழுதுவார், எல்லாக் கட்சிக்கும், ஒரே கையால். உள்ளே ஹாலுக்கு இளம் ரோஸ், படுக்கையறைக்கு இளம் பச்சை, சமையலறைக்கு ஆரஞ்சு என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். மணிமொழி உள்ளே எல்லாம் வெள்ளை என்றார். ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்று காசி வருத்தப்பட்டார். சுத்தமாக இருக்கும் என்றார் மணிமொழி. தாளிக்கிற சுவரில் வெள்ளை ஒரு மாதம் தாங்காது என்று காசி சொன்னதில் நியாயம் இருந்ததால், அங்கே மட்டும் துடைக்கிற மாதிரி பெயின்ட் என்று ஆனது.

வெளிப்பக்கம் நீலம் என்றதும் காசி ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

“மேற்குச் சுவர்ல வெயில் ஜாஸ்தி மேடம். நீலம் மூணு வருஷத்துல வெளுத்துடும்.”

“அப்ப மறுபடியும் நீலமே அடிச்சிடுங்க.”

ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதிக்கு அதே நிறத்தைப் போன வருடம் அடித்ததாகச் சொல்லி, ஃபோனில் ஷேடு எண்ணைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மணிமொழி போய்ப் பார்த்தார். மத்தியான வெயிலில் அந்தச் சுவர் நன்றாக இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். விடுதிக்காரர் தாமாகவே வந்து, இது ஆகாயத்தின் நிறம், தொண்டைச் சக்கரத்தின் நிறம், வருகிறவர்களுக்கு மனம் உடனே அடங்கிவிடுகிறது என்று விளக்கினார். மணிமொழி சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை கோட்டு என்று மட்டும் கேட்டார். அந்தச் சுவரிடம் ஊரில் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே கம்பெனி, அதே எண், அதே காசி.

வீட்டில் மாறன் சந்தனம் என்றார்.

“பத்தொம்பது வருஷம் யாருக்கும் தெரியாம இருந்துட்டோம். இப்ப நாமளே எதுக்கு போர்டு மாட்டணும்?”

“நான் போர்டு மாட்டலைங்க. பெயின்ட் அடிக்கிறேன்.”

“பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் மணிமொழி சண்டை போடவில்லை. முன்சுவரில் மாதிரி அடித்துப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை நீங்களே முடிவு சொல்லுங்கள் என்றார். சந்தனம் என்றால் சந்தனம், ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றும் சொன்னார்.

“ஆனா அந்தப் படம் பீரோவுலயேதான் இருக்கும். இது நம்ம ஏழாவது வாடகை வீடுன்னு நெனச்சிக்கறேன்.”

மாறன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த வாரம் பௌர்ணமி. கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விட்டதால் மாறன் இரண்டு நாள் பேருந்து நிலையத்தை விட்டு நகரவில்லை. மணிமொழி அலுவலகத்தில். மாதிரி அடிக்கும்போது காசி மட்டும் இருந்தார். அவர் வேலை செய்யும் முறை ஒழுங்கானது. நிறங்களைத் தள்ளித் தள்ளி அடித்தால் வெளிச்சம் மாறி ஏமாற்றும் என்பதால் ஒட்டி ஒட்டித்தான் அடிப்பார். முன்சுவரில் மூன்று நீலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அகலமாக அடித்தார். காய்ந்ததும் மூன்றும் தூரத்துக்கு ஒன்றாகவே தெரிந்தன. படிக்கட்டுக்கும் சன்ஷேடு விளிம்புக்கும் சிவப்பு போடலாம் என்று தானே ஒரு யோசனை வைத்திருந்தார்; நீலத்தோடு எப்படிச் சேருகிறது என்று பார்க்க அதைக் கீழே ஒரு பட்டையாக அடித்தார். கடைசியாக, வீட்டுக்காரர் விரும்பும் நிறம் மறந்துபோகாமல் இருக்க அதில் குறி போடுவது அவர் வழக்கம். நடு நீலத்தில் சாக்பீஸால் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டார்.

மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் வெள்ளை நட்சத்திரம். இந்த மாவட்டத்தில் காலனிக்குக் காலனி கம்பத்தில் பறக்கும் ஒரு கட்சியின் கொடி, கதவு அளவுக்குப் பெரிதாக, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. காசி கழுவிய பிரஷ்ஷை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் அந்த இடத்தில் நடையைக் குறைத்தார்கள். எட்டு மணிக்குத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் சுவரின் படம் ஒரு கேள்விக்குறியோடு வந்தது. எட்டு ஐந்துக்கு நீக்கப்பட்டது. இரண்டு வீடு தள்ளி இருந்தவர், பால் பாக்கெட் வாங்கும்போது, கட்டட வேலையைப் பார்க்க வரும் மணிமொழியிடம் தினமும் சிரிப்பவர், அன்று பால் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு போனார். எட்டு மாதம் மணலும் ஜல்லியும் தெருவை அடைத்துக் கிடந்தபோது வராத கோபம், சாக்பீஸ் கோடு ஐந்துக்கு வந்துவிட்டது.

மணிமொழி கூப்பிட்டுக் காட்டிய பிறகு காசி சுவரை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்று நெடுநேரம் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கொடியை நூறு சுவரிலாவது எழுதியிருப்பார்.

“அட, ஆமா மேடம்,” என்றார். “நட்சத்திரத்த மட்டும் அழிச்சிடட்டுமா?”

ஞாயிறு வரை இருக்கட்டும் என்றார் மணிமொழி.

சனிக்கிழமை சுரேஷ்குமார் ஒரு தாளோடு வந்தார். எந்த ராசிக்கு எந்த நிறம் என்று அதில் அச்சடித்திருந்தது. மணிமொழி விருச்சிக ராசி, அதிபதி செவ்வாய், நீலம் ஆகாது, குடும்பத் தலைவருக்கு உடம்புக்கு வரும் என்றார். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கோளுக்கு வேங்கிக்காலின் சன்ஷேடு வரை அக்கறை இருப்பது வியப்புதான். மணிமொழி தாளைக் கடைசி வரி வரை படித்தார்.

“செவ்வாய்க்கு எமல்ஷனா, டிஸ்டெம்பரா சார்?”

சுரேஷ்குமார் சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை அவர் மறுபடி வந்தார், இந்த முறை மாறனிடம். மாறன் கேட் பக்கம் நின்று, காசி சாரத்தில் ஏறி உப்புத்தாள் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் முடிவைச் சொல்லியிருக்கவில்லை. மணிமொழி சமையலறை ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் போடவில்லை.

“சொந்த ஊர் எதுன்னு சொன்னீங்க சார்?”

“கீழ்பென்னாத்தூர் பக்கம்.” கிராமத்தின் பெயரையும் சொன்னார்.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

“ஏரிப் பக்கம்.”

சுரேஷ்குமார் தலையாட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்து அவர் பேசியது முழுக்க நல்லெண்ணத்தோடு பேசியது. அதில் சந்தேகம் வேண்டாம்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு அதெல்லாம் கிடையாது. எட்டு மாசமா பாக்கறேன், உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல சார். மேடம் டிரெஸ் பண்றதாகட்டும், நீங்க பேசறதாகட்டும். அப்படியே இருந்துட்டுப் போலாமே? சந்தனத்த அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது? எங்க மாடிய வாடகைக்குப் பாக்க வரவங்க, எதிர்ல இன்னா இருக்குதுன்னு தான் மொதல்ல பாக்கறாங்க.”

பார்த்தால் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக மாறன் உழைத்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். பேச்சைத் திருத்தியது, சொந்தக்காரர்களைக் கும்பலாக வர வேண்டாம் என்று ஃபோனில் சொன்னது, படத்தைப் பீரோவில் வைத்தது எல்லாம் இதற்குத்தான். இன்று சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. மணிமொழி மேசையில் நாளுக்கு நாற்பது சான்றிதழ் நகர்கிறது. இப்படி ஒன்றுக்கு அங்கே விண்ணப்பப் படிவமே கிடையாது.

மாறன் எதிர் வீட்டு மாடியைப் பார்த்தார்.

“பாத்தா எப்படி சார் தெரியும்?” என்று கேட்டார்.

முப்பது வருடம் வகுப்பெடுத்தவர் சுரேஷ்குமார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏரிப் பக்கம்னு சொன்னேன் இல்ல. ஏரிக்கு இந்தாண்ட காலனி சார். நாங்க காலனிப் பக்கம்.”

பிறகு சாரத்தைப் பார்த்து, பணிமனையில் பேருந்து எண்ணைக் கூப்பிடும் குரலில் சொன்னார்: “காசி, அந்த நடு நீலம். மேடம் சொன்ன நம்பரு. வெளிய பூரா.”

சுரேஷ்குமார் போய்விட்டார். ஜன்னலுக்கு உள்ளிருந்து மணிமொழி, “சன்ஷேடுக்கு?” என்று மட்டும் கேட்டார்.

“வெள்ளை. சிவப்பு வாணாம். நாம எந்தக் கட்சிக்கும் சந்தா கட்டல.”

நான்கு நாளில் வேலை முடிந்தது. புதுமனை புகுவிழாவுக்கு அலுவலகத்தார் வந்தார்கள், பணிமனை ஆட்கள் வந்தார்கள், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். கும்பலாகத்தான் வரச் சொல்லியிருந்தார் மாறன். தெருவிலிருந்து மூன்று குடும்பம் வந்து சாப்பிட்டது. பால் பாக்கெட்டைப் பார்த்தவர் அதில் ஒருவர். சுரேஷ்குமார் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலின் வெள்ளைச் சுவரில் மாறனே ஆணி அடித்தார். பத்தொன்பது வருடமாகச் சுத்தியலைத் தொடாத கை. முதல் ஆணி வளைந்து, உள்ளங்கை அளவுக்குப் பட்டிப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பூசிக் கொடுக்கிறேன் என்றார் காசி. படத்தை மாட்டினால் மறைந்துவிடும் என்று மணிமொழி விட்டுவிட்டார். மறைந்துவிட்டது.

சுரேஷ்குமாரின் மாடி அடுத்த மாதமே வாடகைக்குப் போனது. அடையாளம் சொல்லச் சுலபமாக இருந்தது என்று வந்தவர்கள் சொன்னார்களாம். சிலிண்டர்காரர், கேபிள்காரர் என்று யார் ஃபோன் செய்தாலும் சுரேஷ்குமார் இப்போது நீல வீட்டுக்கு எதிரில் என்றுதான் சொல்கிறார். நாளுக்கு இரண்டு முறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் மட்டும் அவர் இன்னும் வரவில்லை.

போன வாரம் ஒரு கொரியர்காரர் தவறி மணிமொழி வீட்டு மணியை அடித்தார். சுரேஷ்குமார் வீடு எது என்றார்.

“எதிர்ல. சந்தனக் கலர் வீடு.”

அவர் திரும்பிப் பார்த்தார். எதிர் வரிசையில் ஏழு வீடு. ஏழும் சந்தனம்.

“எதுங்க மேடம்?”

“நீல வீட்டுக்கு நேரா இருக்கறது,” என்றார் மணிமொழி.