வயல் நடுவே ஒரு சறுக்கு மேடு

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வயலை இனி குத்தகைக்கு எடுக்கப்போகும் பக்கத்து வயல்காரர் வெர்லின் மாமா, நடுவயலில் கிடக்கும் களிமண் மேட்டைச் சமன் செய்யட்டுமா என்று கேட்டார். செய்யுங்கள் என்றேன்.

வடக்கு டக்கோட்டாவின் இந்தப் பகுதி மேசை போலத் தட்டை. அந்த மேடு மட்டும்தான் துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி வளைத்துத்தான் அப்பா ஆண்டுதோறும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு விதைத்தார். நான் மண் பொறியாளர். நல்ல நிலத்தை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "கெடக்கட்டும்மா" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அப்போது முன்பின் தெரியாத ஒரு மூதாட்டி என் எதிரே வந்து உட்கார்ந்தார். "நான் கொலீன். அந்த மேடு இன்னும் இருக்கா?"

ஊருக்கு வெள்ளத் தடுப்புக் கரை கட்டியபோது மத்திய அரசின் பொறியாளராக வந்தவர் அவர். அன்று நடந்ததை அவரே சொன்னார். அப்பா ஆர்லன் அன்று வட்டார நீர் வாரியத்தின் தலைவர். செலவில் பெரும்பகுதி மத்திய அரசுடையது. மிச்சத்தில் பாதி மாநிலம், பாதி ஊர். ஊரிடம் பணமில்லை. களிமண்ணும் லாரிகளும் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். அந்த உழைப்பை ஊரின் பங்காக ஏற்க மத்திய அரசு சம்மதித்தது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு கரை வேலை தொடங்கினால் எதுவும் கணக்கில் வராது. மாநிலமோ ஜூனுக்குள் கரை முடியாவிட்டால் தன் பங்கு காலாவதி என்றது.

கையெழுத்து வசந்தத்தில்தான். அப்போது வயலெல்லாம் சேறு. ஜூன் வரை மண்ணெடுக்க முடியாது. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே கரையில் மண் போட வெர்லின் மாமா துடித்தார்.

"ஏன்டா ஆர்லன், நீ பேனாவைத் தேடுற வரைக்கும் ஆறு காத்திருக்குமா?" என்று வாரியக் கூட்டத்திலேயே கேட்டாராம்.

அப்பா சொந்த வயலில் குட்டை தோண்ட ஆரம்பித்தார். தோண்டிய களிமண்ணை அங்கேயே குவித்தார். குவித்த மண் வடிந்து காயும், சேற்றுக்காலத்திலும் அள்ளலாம் என்பது கேட்கும்போதே எனக்குப் புரிந்தது. தோண்டிய கூலியை ஊர்ப் பங்கில் சேர்க்கவும் இல்லை. ஆனாலும் அந்தக் குவியலைக் கரை வேலை என்று யாராவது அறிக்கையில் எழுதிவிட்டால் ஊரின் பங்கு மொத்தமும் போய்விடும், கரையும் இல்லை.

பனிக்காலத்தில் கொலீன் பார்வையிட வந்தார். ஊர்ப் பிள்ளைகள் குவியலில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க அது?"

"சறுக்கு மேடுங்க."

"கரைக்கு வெச்ச மண்ணு இல்லையே?"

அப்பா சறுக்கும் பிள்ளைகளைக் காட்டினாராம். "இன்னிக்கு சறுக்கு மேடு."

"அப்படின்னா சறுக்கிப் பாத்துட்டுத்தான் எழுதணும்" என்று கொலீன் ஒரு பலகையை இரவல் வாங்கி, கீழே உருண்டு, மூக்கில் பனியோடு எழுந்து, 'சறுக்கு மேடு' என்றே எழுதிக் கையெழுத்திட்டார்.

வசந்தத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வயல்கள் சேறாகக் கிடந்தபோது அந்தக் குவியல் மட்டும் கரைக்குப் போனது. ஜூனுக்கு முன்பே கரை எழுந்தது.

"பின்னாடி தணிக்கைக்காரங்க வந்தாங்க" என்றார் கொலீன். "அந்த மேடு எங்கேன்னு கேட்டாங்க. என் வேலை போச்சுன்னு நினைச்சேன். உங்க அப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. பிள்ளைங்களுக்குப் போதுமான அளவு மண்ணை அள்ளாம விட்டிருந்தாரு."

"தணிக்கை முடிஞ்சதும் எடுத்திருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே'ன்னாரு. முதல் பனி விழுந்ததும் வருஷா வருஷம் போன் வரும். 'பிள்ளைங்க வந்துட்டாங்க'ன்னு சொல்லிட்டு வெச்சிடுவாரு. இந்த வருஷம் பனி விழுந்துது, போன் வரல. அப்புறம்தான் விசாரிச்சேன்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெர்லின் மாமாவைத் தேடிப் போனேன். தட்டில் இறைச்சிக் கலவையை அள்ளிக்கொண்டிருந்தார்.

"மேடு இருக்கட்டும் மாமா. சுத்தி ஓட்டுங்க."

"உங்க அப்பன் மாதிரியே பேசுற" என்றார். ஏன் என்று, முன்பு நான் அப்பாவைக் கேட்டது போலவே, அவரும் கேட்டார்.