ஓடைக்கு மேலே ஒரு கக்கூஸ்

எங்கள் ஊரில் முதன்முதலாகக் கக்கூஸ் கட்டியவர் என் வாப்பா. நிந்தவூர்ப் பக்கம், வயலிலிருந்து வரும் ஓடை எங்கள் வீட்டு வளவுகளின் பின்னால் ஓடியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மூத்தவளான ராத்தாவுக்குச் சீதன வீடு கட்டியபோது, அந்த ஓடைக்கு மேலேயே தென்னங்குற்றி நட்டு, பலகை அடித்து, கிடுகால் மறைத்து, கதவுக்குக் கொண்டியும் போட்டார். அதுவரை பெண்கள் நாங்கள் விடியமுன்னும் பொழுதுபட்ட பின்னும்தான் தாழங்காட்டுக்குப் போவோம். நடுப்பகலில் வயிறு கலக்கினால் அன்றைக்குச் செத்தோம். அந்தப் பலகைக் கூட்டைப் பார்க்க, அரிதட்டு இரவல் கேட்கிற சாக்கில் எத்தனை பெண்கள் வந்தார்கள்! பிறகு ஓடைக்கரை வளவுகளிலெல்லாம் அதேமாதிரி எழும்பிவிட்டன.

என் வீடு ராத்தா வீட்டுக்கு அடுத்தது, ஓடையின் கீழ்ப்பக்கம். கோடையில் கிணறு சவர்த்து உப்பாகிவிடும். குடிக்கவும் ஆக்கவும் ஓடைத் தண்ணீர்தான். யாரும் அருவருக்கவில்லை. ஓடுகிற தண்ணீர் சுத்தம், அதில் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒழு எடுக்கலாம் என்று ஓதிப் படித்தவர்கள் நாங்கள். ஒழுவுக்கு ஆகும் தண்ணீர் வாய்க்கு ஆகாமல் போகுமா என்ன?

கல்முனையிலிருந்து சைக்கிளில் சுகாதாரப் பரிசோதகர் வருவார், மெதடிஸ்தத் தமிழர். டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்த வீடெல்லாம் ஓடைக்கரையில்தான் இருக்கின்றன, கக்கூஸைப் பிடுங்கிவிட்டு மேட்டு மணலில் குழி வெட்டுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடுவீடாகச் சொன்னார். விறகு என்ன சும்மாவா வருகிறது என்று சிரித்தார்கள். வாப்பா பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். அவர் எடுத்தால் ஊரே எடுக்கும். அதனால் பரிசோதகர் அவரையே சுற்றிச்சுற்றி வந்தார். வாப்பாவும் தேத்தண்ணீர் கொடுத்து மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் மேட்டு மணல் தெருவோரம்.

“என்ட பொம்புளப் புள்ளைகள் தெருவால போற சனம் பாக்கவா அங்க போறது? இது ஓடுற தண்ணி ஐயா. எல்லாத்தையும் கொண்டு போயிரும்” என்றார்.

கொண்டுதான் போனது. என் வீட்டுக்கு.

அந்தக் கோடையில் ஓடை நூலாய் இளைத்துவிட்டது. முதலில் ராத்தாவின் மகனுக்குக் காய்ச்சல், அவன் தப்பிவிட்டான். பிறகு என் மகன். அப்போதுதான் நடை பழகியிருந்தான். கக்கூஸை எடுங்கள் வாப்பா, நான் தாழங்காட்டுக்கே போகிறேன் என்று அழுதேன். பிள்ளைக்குச் சுகமாகட்டும், பார்ப்போம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை மௌத்தாகிவிட்டான். அடக்கிவிட்டு வந்த வாப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, கதைக்கவுமில்லை. கக்கூஸ் அப்படியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவரை வெறுத்தேன்.

அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நடந்ததை என் புருஷன் வந்து சொன்னார். ஓடைக்கு மேலுள்ளதையெல்லாம் உடைக்க வேண்டும் என்று வாப்பாவே எழும்பிச் சொன்னாராம். ஒழுவின் சட்டம் ஒழுவுக்கு, வயிற்றுக்கல்ல என்று தொழுகை நடத்தும் லெப்பையும் சொல்லியிருக்கிறார். முதலில் கட்டியவர் நீங்கள்தானே மரைக்கார் என்று ஒருவர் குத்திக் கேட்டாராம்.

“ஓம், நான்தான் கட்டின. மகள்மாரை மறைக்கக் கட்டின. அதாலதான் பேரனை அடக்கிப்போட்டு வந்து நிக்கன்” என்றாராம் வாப்பா.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கோடாலியோடு வந்தார். ஒரு துண்டும் ஓடையில் விழாமல், குற்றிகளைத் தானே வெட்டிக் கரைக்கு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் மற்ற வளவுகளிலும் கோடாலிச் சத்தம் கேட்டது. மேட்டு மணலில் குழி வெட்டி, ஆளுயரத்துக்கு மேலே கிடுகு வேலி அடைத்தது பிறகு.

வேலை முடிந்து என் குசினி வாசலில் வந்து இருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் அடுப்பை மூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறும்வரை அவரைக் காக்க வைத்தேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டியபோது வாங்கினார், குடிக்கவில்லை.

“இவ்வளவு நேரம்தானா மகள்?”

“ஓம் வாப்பா. இவ்வளவு நேரம்தான்.”