சிரிப்பதற்கு முன் ஒரு கணம்

முதல் கசிவு வகுப்பறையில் நிகழ்ந்தது. மழை பெய்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். "ஜேம், டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. மழை நாளில் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் சிக்கிக் கார்கள் நகராமல் நிற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளை. வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளாடை நனைந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவள் மணி அடிக்கும்வரை எழவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, வயதானால் இப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கறுப்புப் பாவாடைகளாக உடுத்தினேன். தண்ணீரைக் குறைத்தேன், நீர்க்கடுப்பும் சேர்ந்துகொண்டது. ஜார்ஜ் டவுன் பள்ளியிலிருந்து ஜுருவில் இருக்கும் வீட்டுக்குப் பாலத்தைக் கடந்து போவதே பயமாகிவிட்டது.

சிரிப்பையும் நிறுத்தினேன். யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். முடியாவிட்டால் முகத்தை இறுக்கிக்கொள்வேன். வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கதை சொல்ல வருவது நின்றுபோனது.

என் கணவர் சேவியர் கார் பட்டறையில் வேலை செய்கிறார். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். மெல்ல மெல்ல அவரும் விட்டுவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்ததால் வீடு அமைதியாகக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து திரும்பும்போது சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "என்கூட இருக்கப் பிடிக்கலைன்னா சொல்லிடு மேரி. என்னான்னு தெரியாம இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு."

"அப்படி இல்லீங்க. சிரிச்சா எனக்கு ஒண்ணுக்குப் போயிடுது."

காரை ஓரமாக நிறுத்தினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். இரண்டு வருடமாக என்றேன். அந்த இரண்டு வருடமும் அவர் தன்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுவாரம் அவரே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பிறகு, டாக்டர் என்னை இருமச் சொல்லிப் பார்த்தார். அழுத்தக் கசிவு (இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் கூடிச் சிறுநீர் கசிவது) என்றார். இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குபவை) தளர்ந்திருந்தன. உடனே அறுவை சிகிச்சை வேண்டாம், முதலில் பயிற்சி என்று சொல்லி, இயன்முறைப் பயிற்சியாளர் கவிதாவிடம் அனுப்பினார்.

அதற்குள் கைப்பேசியில் பார்த்து நானே ஏதோ பயிற்சி செய்துவந்தேன். அதைச் செய்துகாட்டச் சொன்னாள் கவிதா.

"டீச்சர், நீங்க உள்ள இழுக்கல, கீழ முக்குறீங்க. இப்படிச் செஞ்சா இன்னும் மோசமாத்தான் ஆகும்."

எந்தத் தசையை இழுப்பது என்றே எனக்குப் பிடிபடவில்லை. அதனால் காந்தத் தூண்டல் நாற்காலியில் உட்கார வைத்தாள். உடையைக் கழற்ற வேண்டியதில்லை. இருக்கைக்குக் கீழிருந்து வரும் காந்தத் துடிப்பில் தசை தானாக இறுகித் தளரும். இதயத்துக்குக் கருவி வைத்தவர்களும் உடம்பில் உலோகம் உள்ளவர்களும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எனக்கு வலிக்கவில்லை. ஆனால், செத்துப்போனது என்று நான் நினைத்திருந்த ஓர் இடம் துடித்தது. கண் கலங்கிவிட்டது.

"நாற்காலி எழுப்பித்தான் விடும் லா. வேலை செய்யவேண்டியது நீங்கதான்" என்றாள்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் மாறவில்லை. விட்டுவிடலாம் என்றிருந்தேன். பிறகு ஒருநாள் பள்ளித் தாழ்வாரத்தில் பலமாகத் தும்மினேன். நம்பாமல் கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். நனையவில்லை. அடுத்து வந்த சளியும் இருமலும் மறுபடி என்னைப் பழைய நிலைக்குத் தள்ளின. திரும்பவும் தொடங்கினேன். இன்றும் பையில் ஒரு நாப்கின் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களிடம், எனக்கு முழுக் குணம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைப் போல இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள்.

இருமுவதற்கும் தும்முவதற்கும் முன்பே தசையை இறுக்கப் பழக்கினாள் கவிதா. சிரிப்புதான் சொல்லிவிட்டு வருவதில்லை. சேவியர் மீண்டும் நடித்துக் காட்டுகிறார். வேடிக்கையான இடம் வருவதற்கு முன்னால் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறார். நான் உள்ளே இறுக்கிக்கொண்டு தலையசைத்த பிறகுதான் மீதியைச் சொல்கிறார். அந்த ஒரு கணம், சிரிக்கலாமா என்று என் உடம்பிடம் கேட்டுக் காத்திருக்கிறேன். சில நாட்களில், அது பதில் சொல்வதற்குள் வேடிக்கை ஆறிப்போய்விடுகிறது.