ஒரு மணிக்குக் கேரியர் வரும்

மதுரைத் தலைமை அலுவலகத்தில் எங்கள் ஊருக்கு வைத்திருந்த பெயர் 'ரிமோட் சைட்'. ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சனமெல்லாம் வந்து முட்டுகிற சங்கரன்கோவில் இவர்களுக்கு ரிமோட்டாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. எண்பதுகளின் கடைசியில், ஒரு நூல் மில்லின் சங்கரன்கோவில் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு.

அந்தக் கம்ப்யூட்டரை மதுரையோடு இணைக்கத் தனியாக ஒரு டெலிபோன் கம்பி இருந்தது. ஆடிக் காற்று வீசினால் முதலில் அறுவது அதுதான். நான்தான் கம்பத்தில் ஏறி அறுத்துவிட்ட மாதிரி மதுரைக்காரர்கள் கத்துவார்கள். கடைசியில் முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். கம்பி அறுந்தால் சாதாரண போன் வழியாகவே வேலை நடக்கும்படி மோடம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் பார்ப்பார். மதியத்துக்குள் ஓடவில்லை என்றால் மெஷினை மதுரைக்குத் தூக்கி வந்துவிடலாம், அந்த ஆளையும் சேர்த்து.

அந்த ஆள் நான். மெஷின் போனால் போகட்டும், சனியன். என் மனைவிக்கு அப்போதுதான் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் கிடைத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு ஊர், நான் ஒரு ஊர். ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் என்று மச்சினன்மார் கேலி பேசுவார்கள். பால் காய்ச்சிக் குடியேறிய வீட்டில் இன்னும் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. மறுபடியும் பிரிய வேண்டுமா?

ஏற்பாடு இதுதான். மதுரை இன்ஜினியர் டெலிபோன் ஆபீஸ் வழியாக டிரங்க் கால் போட்டுப் பேசுவார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்க, அங்கே ஒரு மோடமும் இங்கே ஒரு மோடமும் கீச்சென்று கத்தி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தக் கீச்சுக்குக் கேரியர் என்று பெயர். பிடிக்காவிட்டால் திரையில் 'நோ கேரியர்' என்று வரும். எங்கள் டெலிபோன் மேனேஜர் அறையில் இருந்தது. கம்ப்யூட்டர் அடுத்த ஏ.சி. அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. மேனேஜர் லீவு போட்டுத் தப்பித்துக்கொண்டார். அதனால் அட்டெண்டர் அண்ணாச்சி போனை எடுத்து எனக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க நோ கேரியர்தான். கீச்சென்று தொடங்கும், பாதியில் அறுந்துவிடும். பொறுக்க முடியாமல் நானே ஓடிப்போய் ரிசீவரைக் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல், "ஹலோ, பேசுதீங்களா, பேசுதீங்களா?" என்று கேட்டுவிட்டு லைனைப் பிடுங்கியது. டெலிபோன் ஆபீஸ் ஆபரேட்டர்!

சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போய் ஜன்னலில் நின்று கத்தினேன். அந்த அக்கா அசரவில்லை. மனுச சத்தமே இல்லை, பூனையை மிதித்த மாதிரி ஒரே கூப்பாடு, லைன் கெட்டுப்போச்சென்று பிடுங்கினால் சண்டைக்கா வருகிறீர்கள் என்று என்னையே மடக்கினார். இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன். கிறுக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன் கதையை எடுத்துவிட்டேன். கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லுததுக்கென்ன? போங்க. எம்புட்டுக் கத்துனாலும் நான் தொட மாட்டேன்."

திரும்பி வந்தால் அண்ணாச்சி வாசலிலேயே சிரித்தபடி நின்றார். நான் இல்லாத நேரத்தில் மதுரை இன்ஜினியர் கூப்பிட்டிருக்கிறார்.

"கேரியர் வந்துட்டான்னு கேட்டாவ. ஒரு மணிக்குத்தான் சார் வரும், என்னைக்கும் தப்பாதுன்னேன். சரி, அதுவரைக்கும் மொதலாளிய இருக்கச் சொல்லுதேன்னுட்டு வச்சிட்டாவ."

அண்ணாச்சி சொன்னது என் சாப்பாட்டுக் கேரியரை. பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் என் மனைவி வீட்டுக்குப் போய் எடுத்து வருவது. மோடத்துக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. முதலாளி ஒரு மணிவரை காத்திருப்பார். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு அண்ணாச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மணிக்கு போன் அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். அதே நேரம் படியேறி வந்தாள் என் மனைவி, கையில் எவர்சில்வர் கேரியரோடு.

"கேரியர் வந்துட்டு சார்" என்றார் அண்ணாச்சி ரிசீவரில்.

அங்கே இன்ஜினியர் அமுக்கிவிட்டார். பதறிப்போய் நானும் அமுக்கினேன். கீச்சென்று கிளம்பியது. இப்போது அறுந்துவிடும், இப்போது அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அறவில்லை. அக்கா சொன்ன சொல் காப்பாற்றினார். கொஞ்ச நேரத்தில் முதலாளி சொல்லச்சொல்ல இன்ஜினியர் தட்டிய ஆங்கில வரி எங்கள் திரையில் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. சொன்ன நேரத்துக்குக் கேரியர் வருகிறது, மெஷின் அங்கேயே இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்ப திங்கக்கிழமையும் இங்கனதான இருப்பிய?" என்று கேட்டாள்.

ஆமென்று தலையாட்டிவிட்டு அவள் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டேன்.